ஜான் வின்த்ரோப்: உரையோடு நின்றுவிடக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாசசூசெட்ஸ் விரிகுடாக் குடியேற்றத்தின் ஆளுநர் ஜான் வின்த்ரோப் குறித்துச் சென்ற இதழில் வந்த கட்டுரை, 1630இல் அவர் ஆற்றிய ‘மலைமேல் இருக்கும் பட்டணம்’ உரையை விரிவாக எடுத்துரைத்து, அவரை அமெரிக்க ஜனநாயகத்தின் முன்னோடி என்று போற்றியிருந்தது. அவர் இறக்கும்வரை எழுதிவந்த நாட்குறிப்பே இதற்கு இடம் தரவில்லை என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அவருடைய உறுதியை நான் மறுக்கவில்லை. இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் நிலபுலனும் வழக்கறிஞர் தொழிலும் கொண்டிருந்தவர், நாற்பது வயதைக் கடந்தபின் அனைத்தையும் விட்டுவிட்டுக் கப்பல் ஏறினார். கரை சேர்ந்த சில வாரங்களிலேயே மகன் ஹென்றி நீரில் மூழ்கி இறந்தார். அவ்வாண்டு முடிவதற்குள் குடியேறியவர்களில் ஏறத்தாழ 200 பேர் மடிந்தனர். பலர் ஊர் திரும்பியபோதும் அவர் அசையவில்லை.

ஆனால் அவர் ஆட்சி செய்த விதம் வேறு. வாக்குரிமை திருச்சபை உறுப்பினர்களான ஆண்களுக்கு மட்டுமே இருந்தது. சட்டம் இயற்றும் அதிகாரம் அவர்களுக்கும் உண்டு என்பதை, குடியேற்றத்துக்கு மன்னர் வழங்கிய அரச சாசனத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்துத்தான் 1634இல் அவர்கள் அறிந்தார்கள். அந்த ஆண்டுத் தேர்தலில் வின்த்ரோப்பை நீக்கித் தாமஸ் டட்லியை ஆளுநராக்கினார்கள். ஹிங்ஹாம் ஊர்ப் படைத்தலைவர் தேர்வு தொடர்பான வழக்கில் 1645இல் வின்த்ரோப்மீதே குற்றம் சாட்டப்பட்டபோது, நடுவர் இருக்கையை விட்டு இறங்கி, தலையில் தொப்பியின்றி விசாரணைக்கு உட்பட்டார் என்பது மனமாரப் பாராட்டத்தக்கது. எனினும் விடுதலையானதும் அவர் ஆற்றிய உரையில், ஆள்வோரைத் தேர்ந்தெடுப்பது மக்களாயினும் ஆள்வோரின் அதிகாரம் கடவுளிடமிருந்தே வருகிறது என்றும், மனைவி கணவனுக்கு அடங்குவதுபோல் மக்கள் அதற்கு அடங்குவதே உண்மையான சுதந்திரம் என்றும் வாதிட்டார். கட்டுரையாளர் இந்த உரையை ஒரு வரியில்கூடக் குறிப்பிடாதது பெருங்குறை.

மாற்றுக் கருத்துகளுக்காகச் சமய போதகர் ரோஜர் வில்லியம்ஸ் நாடு கடத்தப்பட்டபோது, குடியேற்றத்தின் எல்லைக்கு வெளியே இருந்த நராகான்செட் விரிகுடாவுக்குச் செல்லும்படி தனிமையில் அறிவுரை கூறி உதவியவரும் இவரே. அதே மனிதர், தம் வீட்டில் பெண்களைக் கூட்டி வேதம் விளக்கிய ஆன் ஹட்சின்சனை 1637இல் தாமே தலைமை தாங்கி விசாரித்து வெளியேற்றினார். ஹட்சின்சனின் தோழி மேரி டையருக்கு இறந்து பிறந்த சிசுவின் உடலைப் புதைகுழியிலிருந்து தோண்டியெடுக்கச் செய்து, அதை இறைத்தண்டனைக்குச் சான்றாகக் காட்டினார். இந்தக் கொடுமையை அக்காலத்து வழக்கம் என்று கடந்துவிட எனக்கு மனம் வரவில்லை.

பெக்வாட் என்னும் பூர்வகுடியினருக்கு எதிராக ஆங்கிலேயக் குடியேறிகள் நடத்திய போரில் பிடிபட்டவர்கள் அடிமைகளாக்கப்பட்டனர். வின்த்ரோப்பின் வீட்டிலும் அத்தகையோர் இருந்தனர். ‘டிசையர்’ என்னும் கப்பல் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து பருத்தி, புகையிலையுடன் ஆப்பிரிக்கர்களையும் ஏற்றி வந்ததை 1638இல் அவரே பதிந்திருக்கிறார். போரில் சிறைப்பட்டோரை அடிமையாக வைத்துக்கொள்ள 1641ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு இடமளித்தது.

கட்டுரை தொடராக வெளிவரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அடுத்த பகுதியிலாவது நாட்குறிப்பின் இந்தப் பக்கங்களையும் 1645ஆம் ஆண்டு உரையையும் வாசகர்முன் வைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மதுரை.