கோதுமையை நிறுத்திய பிறகும்

திருவையாறு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்தது. மகளுக்கு, கோதுமை சிறுகுடலைப் புண்ணாக்கிவிடும் சீலியாக் நோய் என்று தெரிந்து, கோதுமையை அடியோடு நிறுத்தி ஓராண்டு ஆகியும் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை, எடையும் ஏறவில்லை என்று எழுதியிருக்கிறாய். படித்ததிலிருந்து மனசு அங்கேயேதான் இருக்கிறது. என் மனைவியும் இதே பாட்டைப் பட்டவள்.

முதலில் சமையலறையை ஒரு தடவை அலசிவிடு. நம் பக்கம் அரிசிச் சாப்பாடுதானே என்று இருந்துவிடக் கூடாது. கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா சேர்த்திருக்கும்; சாம்பார், ரசம் என்று தினமும் அது உள்ளே போகும். எங்கள் ஊர் அசோகா அல்வா பாசிப்பருப்பில் செய்வதுதான், ஆனாலும் கோதுமை மாவும் சேரும். மில்லில் கோதுமை அரைத்த கையோடு நம் அரிசியைப் போட்டால் அதுவும் கலக்கும்.

இதெல்லாம் சரியாக இருந்தும் தொந்தரவு தீரவில்லையென்றால், கணையத்தைப் பார்க்கச் சொல்லி டாக்டரிடம் கேள். சிறுகுடலின் உட்புறம் புண்பட்டிருந்தால், சாப்பாடு வந்திருப்பதைக் கணையத்துக்குச் சொல்லும் ஹார்மோன் குறைந்துபோகும். கணையமும் சாப்பாட்டைச் செரிக்கவைக்கும் நொதிகளைக் குறைத்தே அனுப்பும். அதில் ஒன்றான லைபேஸ் போதாமல் கொழுப்பு செரிக்காது. மலம் வெளுத்து, எண்ணெய்ப் பிசுக்காக, தண்ணீர் ஊற்றினாலும் போகாமல் நிற்கும். ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் உடம்பில் சேராது. மலத்தில் எலாஸ்டேஸ் என்ற கணைய நொதியின் அளவைப் பார்க்கும் டெஸ்ட் இருக்கிறது. கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் கணையத்தைச் சந்தேகிப்பார்கள். தண்ணீராகப் போகிற அன்றைக்குக் கொடுத்தால் அளவு பொய்யாகக் குறைந்து காட்டும்.

என் மனைவிக்குக் குறைவாகத்தான் வந்தது. நொதி மாத்திரை கொடுத்தார்கள். பன்றிக் கணையத்திலிருந்து எடுப்பது என்றதும் தயங்கினாள், சுத்த சைவம் அவள். அப்புறம் மருந்துதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். சாப்பாட்டின் முதல் கவளத்தோடு விழுங்க வேண்டும், கடிக்கக் கூடாது. வெறும் வயிற்றில் போட்டால் பிரயோஜனமே இல்லை. குடல் ஆறியதும் பலருக்கு இதை நிறுத்தியும் விடுகிறார்கள். அவளுக்கும் அப்படித்தான் ஆயிற்று.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். பயந்துபோய் நெய், எண்ணெயை நீயாகவே நிறுத்திவிடாதே. வளர்கிற பிள்ளை, அவளுக்கு அது வேண்டும்.

சம்பா அறுப்பு முடிந்தது. மாப்பிள்ளைச் சம்பா அரிசி கொஞ்சம் அனுப்புகிறேன், கஞ்சி வைத்துக் கொடு. டெஸ்ட் முடிவு வந்ததும் எழுது, இல்லாவிட்டால் போன் செய்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்