ஒன்பதாம் வகுப்புப் பெற்றோருக்கு: எகிப்தியரின் மறுமை நூல்களை நம் பிள்ளைகள் ஏன் படிக்கிறார்கள்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலில் இப்போது பண்டைய நாகரிகங்கள் பாடம் நடக்கிறது. பிரமிடு, மம்மி என்று பிள்ளைகள் வீட்டிலும் பேச ஆரம்பித்திருப்பார்கள். இறந்த பிறகு என்ன நடக்கும் என்று எகிப்தியர் நம்பினார்கள் என்பதைச் சில வரிகளில் முடித்துவிடாமல், நம் வரலாற்று ஆசிரியை ஒரு வாரப் பாடமாக விரித்திருக்கிறார். இறந்தவர்களோடு கல்லறைக்குள் வைத்து அனுப்பிய எழுத்துகளில் சிலவற்றை எளிய தமிழில் எழுதி வகுப்பில் வாசிக்க வைக்கிறார். "இந்த வயசுல சாவைப் பத்தி எதுக்குப் பாடம்?" என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். மகன் ராத்திரி தனியாகப் படுக்கப் பயப்படுகிறான் என்று ஒரு அம்மா சொன்னார். இரண்டுமே நியாயமான கவலை. ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் இந்த நீண்ட கடிதம்.

முதலில் பயத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் பயப்படுவது பாடத்தைப் பார்த்து இல்லை, போனில் வரும் 'மம்மியின் சாபம்' வீடியோக்களைப் பார்த்து. துட்டன்காமுன் என்ற எகிப்திய அரசரின் கல்லறை 1922 நவம்பரில் கண்டுபிடிக்கப்பட்டது. அந்த அகழாய்வுக்குச் செலவு செய்த கார்னர்வான் பிரபு 1923 ஏப்ரலில் இறந்துபோனார். கொசு கடித்த இடத்தில் கிருமி தொற்றி, இரத்தத்தில் நஞ்சு பரவி, நிமோனியாவும் சேர்ந்துகொண்டது. சாபக் கதை அங்கேதான் பெரிதாகக் கிளம்பியது. ஆனால் கல்லறையை முன்நின்று திறந்து, பல ஆண்டுகள் அதற்குள்ளேயே வேலை செய்த ஹோவர்ட் கார்ட்டர் 1939 வரை உயிரோடு இருந்தார். பிள்ளை பயந்தால் இந்த ஒரு தகவலைச் சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் போதும்.

சரி, பாடத்துக்கு வருகிறேன். கிசாவில் இருக்கும் பெரிய பிரமிடின் அறைகளில் சமய வாசகம் எதுவும் பொறிக்கப்படவில்லை. அதற்கு இருநூறு ஆண்டுகள் கழித்து, ஏறத்தாழ கி.மு. 2350-இல், உனாஸ் என்ற அரசர் சக்காராவில் கட்டிய சிறிய பிரமிடில்தான் முதன்முதலாக உட்சுவர் முழுக்க எழுத்து வருகிறது. செதுக்கிய எழுத்துகளுக்குள் நீல வண்ணம் நிரப்பியிருக்கிறார்கள், கூரையெங்கும் விண்மீன்கள். 1881-இல் காஸ்டன் மாஸ்பெரோ என்ற பிரெஞ்சு ஆய்வாளர் உள்ளே போய்ப் பார்த்தபோதுதான் இவை வெளியுலகுக்குத் தெரிந்தன. 'பிரமிடு வாசகங்கள்' என்று இவற்றைச் சொல்கிறோம். "உனாஸே, நீ இறந்து போகவில்லை, உயிரோடுதான் போயிருக்கிறாய்" என்பது அதில் ஒரு வாசகம். அரசர் வானுக்கு ஏறுகிறார், சூரியக் கடவுளான ராவோடு சேர்கிறார், வடக்கு வானில் ஒருபோதும் மறையாத விண்மீன்களில் ஒருவராகிறார். அரசருக்கு மட்டும்தான் இதெல்லாம். பின்னால் சில அரசிகளின் பிரமிடுகளுக்கும் இந்த வாசகங்கள் வந்தன. நிலத்தை உழுதவருக்கும் கல்லைச் சுமந்தவருக்கும் அதில் இடமில்லை.

அப்புறம் நடந்ததுதான் என்னை மிகவும் கவர்ந்த பகுதி. அரசாட்சி தளர்ந்து, மாகாண அதிகாரிகள் பலம் பெற்ற காலத்தில் இந்த வாசகங்கள் பிரமிடை விட்டு வெளியே வந்தன. கி.மு. 2100-ஐ ஒட்டி அதிகாரிகள், அவர்களின் மனைவியர், வசதியுள்ள குடும்பத்தார் எல்லாரும் தங்கள் மரச் சவப்பெட்டியின் உட்புறத்தில் இவற்றை எழுதிக்கொண்டார்கள். பழையவற்றோடு புதிதாகவும் நிறையச் சேர்த்தார்கள். அறிஞர்கள் தொகுத்த பதிப்பில் 1,185 மந்திரங்கள் இருக்கின்றன. டேர் எல்-பெர்ஷா என்ற ஊரில் கிடைத்த சில பெட்டிகளின் அடிப்பலகையில் மறுமைக்குப் போகும் வழியையே வரைபடமாகத் தீட்டியிருக்கிறார்கள். நீர் வழி ஒன்று, நில வழி ஒன்று, நடுவே நெருப்பு. பெட்டியின் வெளிப்பக்கத்தில் இரண்டு கண்கள் தீட்டுவதும் உண்டு. உள்ளே ஒருக்களித்துக் கிடப்பவர் அந்தக் கண்கள் வழியாகக் கிழக்கே சூரியன் உதிப்பதைப் பார்ப்பார் என்று நம்பினார்கள்.

அதற்கும் பின்னால், கி.மு. 1550-ஐ ஒட்டி, பாப்பிரஸ் என்ற நாணல் வகைச் செடியிலிருந்து செய்த தாள் சுருள்கள் வருகின்றன. 'இறந்தோர் நூல்' என்று இன்று எல்லாரும் சொல்வது இவற்றைத்தான். அந்தப் பெயரைப் பரப்பியவர் ஜெர்மானிய அறிஞர் லெப்சியஸ். 1842-இல் ஒரு சுருளை 165 அத்தியாயங்களாக எண்ணிட்டு வெளியிட்டார். ஆனால் இது ஒரே நூல் கிடையாது. வாங்குபவர் தமக்கு வேண்டிய மந்திரங்களைத் தேர்ந்தெடுத்து எழுதி வாங்கிக்கொள்வார். எல்லாரிலும் புகழ்பெற்றவர் ஆனி என்ற எழுத்தர். ஏறத்தாழ கி.மு. 1250-ஐச் சேர்ந்த அவருடைய சுருள் 23 மீட்டருக்கும் மேல் நீளம். 1888-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்காக வாங்கி, லண்டனுக்குக் கொண்டுபோய், 37 துண்டுகளாக வெட்டிவிட்டார்கள். அதன் சில பகுதிகளை யாருக்கென்று முடிவாகாமலே முன்கூட்டி எழுதி வைத்து, ஆனியின் பெயரைப் பிறகு சேர்த்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட சுருள் சாதாரண உழைப்பாளிக்குக் கைக்கு எட்டாத விலை. பெரும்பாலான எகிப்தியர் மணலில் ஒரு குழியில், சில மண்பாண்டங்களோடு புதைக்கப்பட்டார்கள். அருங்காட்சியகத்துத் தங்கத்தை மட்டும் பார்த்துவிட்டு "எகிப்தியர் இப்படித்தான்" என்று பிள்ளைகள் முடிவு கட்டக்கூடாது என்பதற்காக இதை வகுப்பில் அழுத்திச் சொல்கிறோம்.

இந்தச் சுருள்களில் 125-ஆம் அத்தியாயம் ஒன்றுக்காகவே ஒரு வாரம் செலவழிக்கலாம் என்பது என் கருத்து. இறந்தவர், மறுமையை ஆளும் கடவுளான ஓசிரிஸின் நீதி மண்டபத்துக்குள் வருகிறார். தராசு நிற்கிறது. ஒரு தட்டில் அவருடைய இதயம், மறு தட்டில் மாஅத்தின் இறகு. மாஅத் என்றால் உண்மை, நீதி, உலகின் ஒழுங்கு, எல்லாம்தான். நரித்தலை கொண்ட அனுபிஸ் என்ற தெய்வம் தராசைச் சரிபார்க்கிறது. நாரைபோன்ற ஐபிஸ் பறவையின் தலை கொண்ட தோத் முடிவை எழுதுகிறார். முதலைத் தலையும் சிங்க முன்னுடலும் நீர்யானைப் பின்னுடலும் கொண்ட அம்மித் பக்கத்திலேயே காத்திருக்கிறது. இதயம் இறகோடு சமன்படாமல் போனால் அதை அம்மித் தின்றுவிடும். அவ்வளவுதான், அந்த ஆள் முற்றாக இல்லாமல் போய்விடுவார். உடலைப் பதப்படுத்தும்போது மூளையை வெளியே எடுத்தவர்கள் இதயத்தை மட்டும் உள்ளேயே விட்டுவைத்தது இதற்காகத்தான். நினைவும் அறிவும் மனசாட்சியும் அங்கேதான் இருப்பதாக அவர்கள் நம்பினார்கள்.

அந்த மண்டபத்தில் இறந்தவர் தாம் செய்யாதவற்றைச் சொல்லவேண்டும். முதலில் ஓசிரிஸ் முன்னால் ஒரு பட்டியல். பிறகு 42 தெய்வங்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்து இன்னொரு பட்டியல். பிள்ளைகள் வாசித்ததில் சில வரிகள்:

யாரையும் கொல்லவில்லை. கொல்லச் சொல்லி ஏவவும் இல்லை. யாரையும் பசியோடு விடவில்லை. யாரையும் அழவைக்கவில்லை. வேலைக்காரனைப் பற்றி அவன் எஜமானிடம் கோள் சொல்லவில்லை. தானிய அளவையைக் குறைக்கவில்லை. குழந்தையின் வாயிலிருந்து பாலைப் பறிக்கவில்லை. மேய்ச்சலிலிருந்து கால்நடையை விரட்டவில்லை. வரவேண்டிய பருவத்தில் தண்ணீரைத் தடுக்கவில்லை. ஓடும் நீருக்குக் குறுக்கே அணை போடவில்லை. ஒட்டுக்கேட்கவில்லை.

தண்ணீர் வரிகளைப் பாருங்கள். அந்தக் காலத்தில் நைல் ஆறு ஆண்டுக்கு ஒருமுறைதான் பெருகும். அந்த வெள்ளத்தைக் கரைகட்டிய பாத்திகளில் தேக்கி, மண் நனைந்ததும் அடுத்த வயலுக்கு விடவேண்டும். மேலே இருப்பவர் அடைத்துக்கொண்டால் கீழே இருப்பவருக்கு அந்த ஆண்டு விளைச்சலே இல்லை. அதனால்தான் கொலைக்கு வைத்த அதே பட்டியலில் தண்ணீரைத் தடுப்பதையும் வைத்தார்கள். கடைமடைக் கிராமங்களிலிருந்து வரும் நம் பிள்ளைகளுக்கு இந்த இடத்தில் ஆசிரியை விளக்கம் சொல்லத் தேவைப்படவில்லை.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்லிக்கொடுக்கிறோம். வண்டு வடிவத்தில் செய்த கல்லைப் பிணத்தின் மார்பில் வைப்பார்கள். "என் இதயமே, எனக்கு எதிராகச் சாட்சி சொல்ல எழாதே" என்று அதில் பொறித்திருக்கும். "அப்போ இது கேள்வித்தாள் முன்னாடியே தெரிஞ்ச பரீட்சை மாதிரிதானே டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். பணம் கொடுத்துச் சுருள் வாங்கியவன் தப்பித்துவிடுவானா என்று ஒரு பீரியட் முழுக்க விவாதம் நடந்தது. தன் இதயமே தன்னைக் காட்டிக்கொடுக்கும் என்று பயந்தவனுக்கு மனசாட்சி இருந்திருக்கிறது என்று இன்னொரு மாணவன் வாதாடினான். பதினான்கு வயதில் இப்படி யோசிக்க முடிகிறதே என்று எனக்குப் பெருமையாக இருந்தது. இப்படி ஒரு விவாதத்துக்கு மதிப்பெண் கிடையாது, ஆனாலும் இதற்காகத்தான் நான் இந்தப் பாடத்தைக் குறைக்கச் சொல்லவில்லை.

தப்பித்தவர்களுக்கு என்ன கிடைக்கும்? நாணல் வயல். வாய்க்கால்கள், ஆளைவிட உயர்ந்த தானியக் கதிர்கள், உழவு, அறுவடை. எகிப்தியரின் சொர்க்கம் நன்றாக விளைந்த ஒரு எகிப்துதான். அங்கேயும் வேலை உண்டு என்பதால், கூப்பிட்டால் "இதோ நான்" என்று பதில் சொல்லித் தமக்குப் பதிலாக வேலைக்குப் போகச் சின்னச் சின்னப் பொம்மைகளைக் கல்லறையில் வைத்தார்கள். துட்டன்காமுனோடு அப்படி 413 பொம்மைகள் இருந்தன.

எல்லாரும் இதைக் கேள்வி கேட்காமல் நம்பினார்கள் என்றும் இல்லை. யாழ் மீட்டுபவர் பாடுவதாக அமைந்த ஒரு பழைய பாட்டில், அங்கே போனவர் எவரும் திரும்பிவந்து அங்குள்ள நிலையைச் சொன்னதில்லை, அதனால் இருக்கும் நாளை மகிழ்ச்சியாகக் கழி என்று வருகிறது. இன்னொரு பக்கம், இறந்தவர்களுக்குக் கடிதம் எழுதும் வழக்கமும் இருந்தது. அன்கிரி என்ற மனைவியை இழந்த ஒருவர் எழுதிய கடிதம் இன்று நெதர்லாந்தில் லைடன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பதவி உயர்ந்தபோதும் உன்னை நான் விட்டுவிடவில்லையே, நோயுற்றபோது மருத்துவரைக் கொண்டுவந்தேனே, நீ போனபின் மூன்று ஆண்டுகளாகத் தனியாகத்தானே இருக்கிறேன், பிறகு ஏன் என்னை வருத்துகிறாய் என்று கேட்கிறார். மந்திரங்களைவிட இந்தக் கடிதம் வகுப்பைக் கூடுதலாகத் தொட்டது.

இது சமயப் பாடம் இல்லை என்பதையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். எகிப்தியர் என்ன நம்பினார்கள் என்று படிக்கிறோம், எதை நம்பவேண்டும் என்று எந்தப் பிள்ளைக்கும் சொல்வதில்லை. எகிப்து அரசரைப் பார்வோன் என்றும் ஃபிர்அவ்ன் என்றும் வீட்டிலேயே கேட்டு வளர்ந்த பிள்ளைகளும் வகுப்பில் இருக்கிறார்கள். உங்கள் வீட்டில் மரணத்தைப் பற்றி என்ன சொல்வீர்களோ அதை அவர்களிடம் தாராளமாகச் சொல்லுங்கள். காரியம், கருமாதி, கல்லறைத் திருநாள், ஜனாஸா தொழுகை எதுவானாலும், ஏன் அப்படிச் செய்கிறோம் என்று பிள்ளை கேட்டால் "பெரியவங்க விஷயம்" என்று ஒதுக்காமல் தெரிந்ததைச் சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நம் ஊர்ப் பக்கத்துக்கு உண்மையிலேயே ஒரு தொடர்பும் இருக்கிறது. கி.மு. 1213-இல் இறந்த இரண்டாம் ராம்சேஸ் மன்னரின் மம்மியை ஆராய்ந்தபோது மூக்குக்குள் மிளகு மணிகள் இருப்பது தெரியவந்தது. மிளகு மேற்குத் தொடர்ச்சி மலையின் பயிர். இதைக் கேட்டதும் வகுப்பில் எழுந்த சத்தம் என் அறைவரை கேட்டது. லீவில் ஹைதராபாத் போகிறவர்கள் தெலங்கானா அரசு அருங்காட்சியகத்தில் ஒரு எகிப்திய மம்மியைப் பார்க்கலாம், கொல்கத்தாவில் இந்திய அருங்காட்சியகத்திலும் ஒன்று உண்டு. ஒன்றே ஒன்று: அது ஒரு மனிதரின் உடல். பக்கத்தில் நின்று செல்ஃபி எடுக்கவேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறோம், நீங்களும் சொல்லுங்கள்.

கடைசியாக, நடைமுறை விஷயங்கள். அண்மையில் உங்கள் வீட்டில் யாராவது இறந்திருந்தால் தயவுசெய்து வகுப்பாசிரியரிடம் முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள். அந்தப் பிள்ளை விரும்பினால் அந்த வகுப்புகளின்போது நூலகத்தில் உட்காரலாம், யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். மம்மி செய்முறை பற்றிய சார்ட் வேலைக்குக் கடையில் எதுவும் வாங்கித்தர வேண்டாம், பழைய காலண்டர் தாள் போதும். பிள்ளைகள் வரைந்த தராசுக் காட்சியும், அவர்களே எழுதிய 'நான் செய்யவில்லை' பட்டியல்களும் பாடம் முடிந்ததும் நூலகச் சுவரில் இருக்கும். பெற்றோர் கூட்டத்துக்கு வரும்போது பாருங்கள். இதற்கு மேலும் கேள்வியோ மறுப்போ இருந்தால் மாலை நான்கரை மணிக்கு மேல் என் அறைக்கு வரலாம், வரலாற்று ஆசிரியையும் உடன் இருப்பார்.

அன்புடன்,
தலைமையாசிரியர்