நோன்பிருக்க முடியாதவர்களுக்கும் தவக்காலம் உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். ஈஸ்டருக்கு முன் கிறிஸ்தவர்கள் நோன்பிருந்து செபிக்கும் தவக்காலம் பற்றி உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். இயேசு பாலைநிலத்தில் நோன்பிருந்த 40 நாள்கள், தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனன்று நெற்றியில் பூசும் சாம்பல், ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுவிட்டு நாள் கணக்கிடும் முறை எல்லாம் சரியாகவே இருந்தன. பட்டினி கிடக்க முடியாதவர்களுக்கு மட்டும் அதில் ஒரு வரி இல்லை. எனக்கு வயது 67. தினமும் இன்சுலின் போட்டுக்கொள்கிறேன்.

கத்தோலிக்கத் திருச்சபை நோன்பைக் கடமையாக்குவது திருநீற்றுப் புதன், புனித வெள்ளி ஆகிய இரண்டே நாள்களில்தான். அதுவும் 18 முதல் 59 வயது வரை உள்ளவர்களுக்கு. நோயாளிகளுக்கு விலக்கு உண்டு. இது தெரிந்தும் எங்கள் பங்குக் கோயிலில் வயதான பலர் வீம்பாகச் சாப்பிடாமல் இருக்கிறார்கள். இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டு, வெறும் வயிற்றோடு சிலுவைப்பாதை வழிபாட்டுக்கு வந்த ஒருவர் பாதியிலேயே சர்க்கரை இறங்கி, வியர்த்து, கை நடுங்கி, பேச்சு குழறி என் பக்கத்தில் சரிந்தார். அந்த முகம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

விவிலியத்தில் எசாயா 58-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் தாம் விரும்பும் நோன்பைச் சொல்கிறார்: பசித்தவருக்கு உணவைப் பகிர்வது, உடையில்லாதவருக்கு உடுத்தக் கொடுப்பது. கூடவே, நம்முடையவர்களுக்கு நம்மை மறைத்துக்கொள்ளாமல் இருப்பது. இந்தக் கடைசி வரியைத்தான் நான் பிடித்துக்கொண்டேன்.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு விழித்திரையின் நடுப்பகுதி பழுதாகிவிட்டது. நேரே பார்த்தால் எதிரில் இருப்பவர் முகம் தெரியாது. தலையை ஒரு பக்கமாகத் திருப்பி, ஓரக்கண்ணால்தான் என்னை அடையாளம் காண்கிறார். தவக்காலம் தொடங்கியதிலிருந்து மாலையில், நான் விரும்பிப் பார்க்கும் தொடர் ஓடும் நேரத்தில், அவருக்கு உங்கள் நாளிதழை வாசித்துக் காட்டுகிறேன். முதலில் இரங்கல் அறிவிப்புகள் வேண்டும். தெரிந்த பெயர் வந்துவிட்டால் அந்தக் குடும்பத்தின் கதை முழுக்க வரும். அதன் பிறகு ஆசிரியருக்குக் கடிதங்கள். தலைப்புச் செய்திக்கு அவரிடம் கடைசி இடம்தான்.

எனக்கு எதிலும் வேகம் அதிகம். “மெதுவா வாசிம்மா, மறுபடி சொல்லு” என்று அவர் நிறுத்தும்போதெல்லாம் உள்ளே ஒரு அவசரம் முட்டிக்கொண்டு வரும். அதை அடக்கி, அதே வரியை அதே குரலில் திரும்ப வாசிக்கிறேன். உண்மையாகச் சொல்கிறேன், சிறுவயதில் இருந்த எந்தப் பட்டினியும் எனக்கு இவ்வளவு கடினமாக இருந்ததில்லை. என் ஒறுத்தல், அதாவது என்னை நானே அடக்கும் தவம், இதுதான் என்று இந்த ஆண்டு தெளிவாகத் தெரிகிறது. அவர் கிறிஸ்தவர் அல்லர். இது தவக்கால முயற்சி என்று அவரிடம் நான் சொல்லவும் இல்லை. ஆகவே என் பெயரை வெளியிட வேண்டாம். கடிதத்தை நானே அவருக்கு வாசிக்க வேண்டியிருக்கும்.

புனித வெள்ளி இன்னும் வரவில்லை. அதற்கு முன்பாக, இன்சுலின் எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உணவைத் தவிர்க்க வேண்டாம், அவர்கள் சாப்பிடுவது பாவமில்லை என்று பெரிய எழுத்தில் ஒரு குறிப்பு வெளியிட வேண்டுகிறேன். பங்குத்தந்தையர் திருப்பலி அறிவிப்பிலும் இதைச் சொன்னால் நல்லது. எங்கள் வயதுக்காரர்கள் மருத்துவர் பேச்சைவிட அவர்கள் பேச்சைத்தான் கேட்பார்கள்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்