அந்த மிஷினைத் தனியாக நகர்த்தாதே

பாம்பன்

அன்பு மகள் ஜெசிக்கு அப்பா எழுதுவது.

இங்கே நானும் அம்மாவும் சுகம். உன் சுகமும் பேரன் சுகமும் மாப்பிள்ளை சுகமும் அறிய ஆவல். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் வாயைத் திறப்பதற்குள் "சரிப்பா, நான் பாத்துக்கறேன், அம்மாகிட்ட குடுங்க" என்று முடித்துவிடுகிறாய். எழுதினால் நடுவில் வெட்ட முடியாது.

துணி காயவைக்கிற மிஷினில் டிரம் சுற்றுகிறது, சூடு வரவில்லை, நானே கழற்றிப் பார்க்கப் போகிறேன் என்று படத்தோடு போட்டிருந்தாய். கழற்று, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஐஸ் கம்பெனி மோட்டாருக்கு நான் காயில் கட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து சுற்று எண்ணியவள் நீ. பேச்சுவாக்கில் நான் விட்ட சுற்றை நீதான் பிடித்துச் சொல்வாய். உன் கைமேல் எனக்குச் சந்தேகம் கிடையாது. ஆனால் அந்த மிஷினைத் தனியாக இழுக்காதே. ஐம்பது அறுபது கிலோ இருக்கும். சுவரோடு ஒட்டி நிற்கிறது, பின்னால் குழாய் வேறு. ஒரு பக்கமாக இழுத்தால் குழாய் நசுங்கும், இல்லையென்றால் உன் இடுப்பு பிடித்துக்கொள்ளும். மாப்பிள்ளை ஒரு பக்கம் பிடிக்கட்டும்.

படத்தில் பிளக்கைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நாலு கால் உள்ள தடித்த பிளக். அப்படியென்றால் அது கரண்டில் சூடாகிற மிஷின், கேஸ் இல்லை. கேஸாக இருந்தால் தொடவே விட்டிருக்க மாட்டேன். அதில் கசிவும் உண்டு. புகை போகிற வழி அடைத்தால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள்ளேயே திரும்பும், மூக்குக்கும் தெரியாது.

திருப்புளியை எடுப்பதற்கு முன்னால் பிரேக்கர் பெட்டியைத் திற. 30 என்று போட்டு, இரண்டு விசையை ஒன்றாகச் சேர்த்த மாதிரி ஒன்று இருக்கும். அதை முழுசாக ஆஃப் பக்கம் தள்ளி, பிறகு ஆன் செய். ஏன் என்று கேட்பாய். நம் வீட்டுக்கு ஒரு பேஸ், ஒரு நியூட்ரல், 230 வோல்ட், அவ்வளவுதான். அங்கே அமெரிக்காவில் வீட்டுக்குள் இரண்டு லைன் வருகிறது, இரண்டிலும் கரண்டு. ஒவ்வொன்றுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 120, இரண்டு லைனுக்கும் நடுவில் 240. டிரம்மைச் சுற்றும் மோட்டாருக்கு 120 போதும். ஹீட்டருக்கு 240 வேண்டும். அதனால் ஒரு லைன் மட்டும் விட்டுப்போனால் டிரம் அதுபாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருக்கும், சூடு மட்டும் வராது. இது புரிந்ததும் ராத்திரியில் அம்மாவை எழுப்பிச் சொன்னேன். அவள் திட்டிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். பிரேக்கரைப் போட்டதும் மறுபடி விழுந்தால் திரும்பத் திரும்பத் தூக்கிவிடாதே. அது காரணமில்லாமல் விழாது.

பிரேக்கர் சரியாக இருந்தால் அடுத்து நான் காற்றைத்தான் சந்தேகப்படுவேன். முன்பு ஒரு தடவை போட்டாலே காய்ந்தது, இப்போதெல்லாம் இரண்டு தடவை போட வேண்டியிருக்கிறது என்று நீ அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. ஹீட்டர் திடீரென்று சாகும். இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக மோசமாகாது. குழாயில் பஞ்சுத் தும்பு அடைத்திருக்கும். வெளிச்சுவரில் காற்று வெளியேறுகிற வாயைப் போய்ப் பார். மிஷின் ஓடும்போது அந்த மூடி நன்றாகத் தூக்கிக்கொள்ள வேண்டும், கையில் காற்று அடிக்க வேண்டும். மூடி சும்மா ஆடினால் உள்ளே அடைப்பு. குருவி கூடு கட்டாமலிருக்க யாராவது அதில் கம்பிவலை போட்டிருந்தால் எடுக்கச் சொல், தும்பு முதலில் வந்து நிற்பது அந்த வலையில்தான்.

மிஷினுக்குப் பின்னால் இருப்பது பளபள என்று சுருங்கி விரிகிற காகிதம் மாதிரிக் குழாயா, கெட்டித் தகரக் குழாயா என்று படத்தில் தெரியவில்லை. பளபளப்பானதாகவோ பிளாஸ்டிக்காகவோ இருந்தால் தூக்கிப் போட்டுவிட்டு நாலு அங்குலத் தகரக் குழாய் வாங்கிப் போடு. மூட்டுகளில் திருகு போடாதே, திருகின் முனை உள்ளே நீட்டிக்கொண்டு தும்பைப் பிடிக்கும். அலுமினிய டேப் சுற்றினால் போதும். வருஷத்துக்கு ஒரு தடவையாவது நீளப் பிரஷ் விட்டுச் சுத்தம் செய். கதவுப் பக்கத்து வடிகட்டியை ஒவ்வொரு தடவையும் வழித்துவிடு. செய்கிறேன் என்பாய், பல் தேய்த்தாயா என்று கேட்டபோதும் அப்படித்தான் சொல்வாய். அமெரிக்காவில் இந்த மிஷினால் மட்டும் வருஷத்துக்குச் சுமார் 2,900 வீட்டில் தீப்பிடித்தது என்று அங்குள்ள அரசுத் தீயணைப்பு நிர்வாகம் 2008-2010 வருஷங்களுக்குக் கணக்குப் போட்டிருக்கிறது. அதில் முதல் காரணம் சுத்தம் செய்யாதது, 34 சதவீதம். படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ தூங்கும்போது அதை ஓட விடாதே. வெளியே போகும்போதும் விடாதே. தனியாக இருக்கிற ராத்திரியில் வேண்டவே வேண்டாம்.

இதையெல்லாம் நான் எங்கே பார்த்தேன் என்று நினைப்பாய். இந்த மிஷினை நான் கண்ணால் கண்டதில்லை. பக்கத்து வீட்டுப் பையன் யூடியூபில் போட்டுக் காட்டினான், சாயங்காலம் தோறும் அவன் உயிரை வாங்குகிறேன். இந்தக் கடிதத்தைப் படம் பிடித்து உனக்கு அனுப்பப் போவதும் அவன்தான். அவனும் படிப்பான். அதனால் மிஷினைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

குழாய் சுத்தமாக இருந்தும் சூடு வரவில்லையென்றால் கழற்றலாம். பிளக்கைப் பிடுங்கி உன் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் தரையில் போடு. பிரேக்கரை அணைத்தால் போதாது, பிளக்கைப் பிடுங்கு. கையுறை போட்டுக்கொள், தகர ஓரம் பிளேடு மாதிரி அறுக்கும். கம்பிகளை எடுப்பதற்கு முன்னால் படம் எடுத்துக்கொள். பெரும்பாலும் மிஷினுக்குள்ளேயே எங்காவது மடித்துச் செருகிய வயரிங் தாள் ஒன்று இருக்கும், அதைக் கிழிக்காமல் எடுத்து எனக்கும் அனுப்பு.

காற்றுப் பாதையை ஒட்டியும் ஹீட்டர் கூட்டின் மேலும் சின்னதாக, சூடு மிஞ்சினால் கரண்டை அறுக்கிற வெப்ப ஃபியூஸ் இருக்கும். இரண்டு கம்பியையும் எடுத்துவிட்டு மல்டிமீட்டரை ஓமில், அதாவது மின்தடை அளக்கிற பக்கம் வைத்துப் பார். நல்லதென்றால் கிட்டத்தட்ட ஜீரோ காட்டும். கம்பி அறுந்த மாதிரி எண்ணே வராவிட்டால் போய்விட்டது. அது ஒரு தடவைதான் எரியும், திரும்ப உயிர் வராது. உன் மிஷின் மாடலுக்கு உரியதையே வாங்கு, மேலே பொறித்த டிகிரி நம்பரும் ஒன்றாக இருக்கட்டும். பத்து நிமிஷம் சோதிக்கலாமே என்று இரண்டு கம்பியையும் சேர்த்து முறுக்கிவிடாதே. ஐஸ் கம்பெனியில் ஃபியூஸ் கட்டையில் கம்பிக்குப் பதிலாகச் செம்பு வயரை முறுக்கி வைத்திருந்தார்களே, அந்த மோட்டாரைப் பிரித்த நாற்றம் உனக்கு நினைவிருக்கும். தலைமுடி கருகிய மாதிரி நம் திண்ணையில் ஒரு வாரம் நின்றது. ஃபியூஸ் எரிந்தால் அது எதையோ சொல்கிறது. முக்கால்வாசி அந்த அடைப்பைத்தான். அடைப்பை எடுக்காமல் ஃபியூஸை மாற்றினால் புதுசும் எரியும்.

ஹீட்டர் சுருளையும் பார். 240 வோல்ட்டில் ஐயாயிரத்துச் சொச்சம் வாட் என்றால் பத்துப் பதினொரு ஓம் காட்ட வேண்டும். நம் அயர்ன் பாக்ஸ் ஆயிரம் வாட், இது ஐந்தைச் சேர்த்துக் கட்டின மாதிரி. சுருளின் முனைக்கும் தகரக் கூட்டுக்கும் நடுவில் மீட்டர் ஒன்றும் காட்டக் கூடாது. சுருள் அறுந்து தொங்கிக் கூட்டைத் தொட்டால் நீ சூட்டை நிறுத்தினாலும் அது எரிந்துகொண்டே இருக்கும். கம்பி முனை கருத்திருந்தால் டேப் சுற்றி மூடாதே, முனையை வெட்டிப் புது டெர்மினல் போடு.

அம்மா ஒன்று சொல்லச் சொன்னாள், உண்மையில் நான்தான் அவளுக்குச் சொன்னேன். சனிக்கிழமை பேரனுக்கு நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறாயே, அந்தத் துண்டை இந்த மிஷினில் போடாதே. துவைத்தாலும் எண்ணெய் முழுசாகப் போகாது. சூடான துணியைக் குவித்து வைத்தால் எண்ணெய் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். அதைப் பால்கனியில் நாற்காலி முதுகில் போடு. கொடி கட்ட விடமாட்டார்கள் என்றாய், நாற்காலிக்கு என்ன சட்டம்?

ஊர்ச் செய்தி. மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ஓடு முடிந்து போட்டெல்லாம் கடலுக்குப் போகிறது. கச்சான் காற்று அடிக்கிறது, கொடியில் போட்ட கைலி அரைமணியில் விறைத்துவிடுகிறது, மணலும் சேர்ந்து. புதுப் பாலத்தில் ரயில் போகிறது; கப்பலுக்கு வழிவிட 72.5 மீட்டர் நீளத்துக்குப் பாலத்தை அப்படியே செங்குத்தாகத் தூக்குகிறார்கள், நீ வந்தால் காட்டுகிறேன். நெத்திலிக் கருவாடு பார்சல் வந்ததா என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அம்மா தினம் கேட்கிறாள். மாப்பிள்ளையிடம் பேசியது ஈஸ்டருக்கு முன்னால். வேலை அதிகம் என்றாய். சரி. என் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து வைத்திருக்கிறேன், சும்மாதான்.

மிஷினை நகர்த்தும்போது மாப்பிள்ளை ஊரில் இல்லையென்றால் பக்கத்து வீட்டில் யாரையாவது கூப்பிட்டுக்கொள். பேரனைக் கிட்டே விடாதே. முதலில் பிளக்.

இப்படிக்கு
அப்பா

பி.கு. பையன் மேலே உள்ள பக்கங்களைப் படம் எடுத்துவிட்டுப் போய்விட்டான். இந்தத் தாளை நானே எடுத்து அனுப்புகிறேன், கோணலாகத்தான் இருக்கும். நீ போட்ட படத்தில் மிஷின் மேல் மடித்து வைத்த துணியையும் பார்த்தேன். உன் சுடிதாரும் பேரன் சட்டையும்தான் இருந்தது. அம்மாவிடம் காட்டவில்லை. நான் எதுவும் கேட்கவில்லை. ஆனால் மிஷினின் மறுபக்கம் பிடிக்க ஆள் இல்லையென்றால் நீ தொடாதே, சர்வீஸ் ஆளைக் கூப்பிடு. எவ்வளவு கேட்கிறான் என்று எனக்கு எழுது. சீட்டுப் பணம் எடுத்தாச்சு, வங்கியில் அப்படியே இருக்கிறது. டிக்கெட்டுக்கும் சேர்த்து இருக்கிறது, எந்தப் பக்கத்து டிக்கெட் என்று நீயே சொல்.