பின் சீட்ல உக்காந்து பறவை பாத்தவனோட நன்றி

எல்லாருக்கும் வணக்கம். ஜனவரில விசிட்டிங் ரிசர்ச்சரா அமெரிக்கால நியூயார்க் மாநிலத்து இத்தாக்காவுக்கு வந்தவன், அடுத்த வாரம் கிளம்புறேன். பெட்டி கட்டுற வேலைய அப்படியே போட்டுட்டு இத எழுத உக்காந்திருக்கேன், ஏன்னா நேத்து ராத்திரி தூக்கம் வராம இபேர்ட்ல, அதான் பாத்த பறவைய பதிஞ்சு வைக்கற வெப்சைட்ல, என் லிஸ்ட்ட மேல இருந்து கீழ உருட்டிப் பாத்தேன், 171 வகை பறவை, அதுல நானா நடந்து போயி பாத்தது ஒரு முப்பது தேறினா அதிகம், மிச்சம் பூரா யாரோ ஒருத்தர் கார்ல பின் சீட்ல உக்காந்து போயி பாத்தது. லிஸ்ட்ல பறவை பேரு இருக்கு, தேதி இருக்கு, இடம் இருக்கு, யார் கார்னு போட மட்டும் கட்டமே இல்ல.

இந்த ஊர்க்காரங்களுக்கு கார்டு எழுதி கையில குடுத்தாச்சு. ஆனா இங்கிலீஷ்ல எழுத உக்காந்தா 'தேங்க் யூ சோ மச்'சுக்கு மேல எனக்கு வண்டி ஓட மாட்டேங்குது. அதனால மனசுல இருக்கறத இங்க தமிழ்ல கொட்டிடறேன், படிக்கிற நம்மாளுங்க யாராச்சும் அவங்கள பாத்தா வாயால சொல்லிருங்க.

மொதல்ல எதிர் கேபின் அண்ணனுக்கு. அலமாரில சும்மா கெடந்த எட்டு மடங்கு பெருசா காட்டற பைனாகுலர எடுத்து "நீ போற வரைக்கும் வெச்சுக்கடா"ன்னு குடுத்தீங்களே, அன்னிக்கு வெளிய மைனஸ் பதினஞ்சு, லேப் தவிர எனக்கு போக்கிடமே கிடையாது. அத மாட்டிக்கிட்டு சாப்சக்கர் உட்ஸ் காட்டுக்குள்ள போனா என்னத்த பாத்தாலும் சுத்தி ஒரு கறுப்பு வளையம். ரெண்டு வாரம் என் கண்ணுதான் போச்சுன்னு நெனச்சேன், கருமம், ஓசி பைனாகுலர குறை சொல்ல முடியுமா.

அத தீத்து வெச்சது ஸ்டூவர்ட் பார்க்ல பாத்த ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா. கயூகா பேர்ட் கிளப்னு ஒண்ணு இருக்கு, 1914ல ஆரம்பிச்சது, வார கடைசில யார் வேணாலும் வரலாம்னு கூட்டிட்டுப் போவாங்க. ஏரி ஓரமா எல்லாரும் ரெட்ஹெட் வாத்து கூட்டத்த பாத்துட்டு இருக்காங்க, நான் மட்டும் தலைய ஆட்டி ஆட்டி பாக்கறத கவனிச்சிட்டு வந்து, பேசாம என் கையில இருந்து வாங்கி ஐகப்ப, அதான் கண்ண வெச்சு பாக்கற எடத்து ரப்பர் வளையத்த, ரெண்டையும் உள்ள திருகி விட்டாங்க. கண்ணாடி போடறவங்க உள்ள தள்ளிதான் வெச்சிருக்கணுமாம். அப்புறம் இடது கண்ணால மட்டும் பாத்து நடு வீல்ல ஃபோகஸ் பண்ணு, வலது கண்ணுக்கு அந்த சின்ன வளையத்த தனியா திருகுன்னு சொல்லிக் குடுத்தாங்க. பாத்தேன். வாத்து கண்ணோட மஞ்சள் தெரிஞ்சுது. ரெண்டு நிமிஷ வேலை, ஆனா என் ஒரு வருஷமே அதுல திரும்பிச்சுன்னு சொன்னா மிகையில்ல.

டீச்சரம்மாவுக்கு இன்னொரு நன்றியும் பாக்கி. மே மாசம் ஹாதார்ன் ஆர்ச்சர்ட்ல காலைல ஆறு மணிக்கு வார்ப்ளர் பாக்க நிப்போம். இத்துனூண்டு பறவை, அஞ்சு செகண்டு ஒரு எடத்துல நிக்காது, மத்தவங்க "ஹெம்லாக்குக்கு இடது பக்கம், மேப்பிள் ரெண்டாவது கிளை"ன்னு அடையாளம் சொல்வாங்க, எனக்கு அதுல ஒரு மரமும் தெரியாது, நான் திரும்பறதுக்குள்ள அது அடுத்த மாவட்டத்துக்கே போயிருக்கும். ஒரு நாள் அவங்க பைனாகுலர கழட்ட சொல்லிட்டு ஒரு மணி நேரம் வெறும் மரம் மட்டும் சொல்லிக் குடுத்தாங்க. மறு வாரம்தான் பிளாக்பர்னியன் வார்ப்ளர் கெடச்சுது, தொண்டைல நெருப்பு வெச்ச மாதிரி ஆரஞ்சு. கழுத்து மூணு நாள் திரும்பல, அத விடுங்க.

பாட்டு வெச்சு கண்டுபிடிக்க அவங்க ஊர்ல வாய்ப்பாடு மாதிரி வெச்சிருக்காங்க. பாதி எனக்கு ஒட்டல. ஓவன்பேர்ட் மட்டும் "டீச்சர் டீச்சர் டீச்சர்"னு கத்துமாம், சத்தம் ஏறிக்கிட்டே போகும், கடைசி பெஞ்சு பையன் ஒன்னுக்கு போக கெஞ்சற மாதிரியே, அதுக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படல. பார்டு ஆந்தை "உனக்கு யாரு சமைக்கிறா"ன்னு கேக்கும்னு சொன்னாங்க. தனியா பொங்கி தின்னுட்டு இருக்கறவன இருட்டு காட்டுல நிறுத்தி கேக்கற கேள்வியா அது.

மான்டெசூமா பெரியவருக்கு. கயூகா ஏரியோட தெக்கு முனைல நம்ம ஊரு, வடக்கு முனைல அந்த மான்டெசூமா சரணாலயம், நடுவுல அறுவது கிலோமீட்டர் ஏரி. ஞாயித்துக்கிழம விடிகாலைல எந்த பஸ்ஸு வரும்? எனக்கு இங்க லைசென்ஸும் கிடையாது. அவர் அஞ்சு தடவ என்ன கூட்டிட்டுப் போயிருக்கார், ஒரு தடவ கூட பெட்ரோலுக்கு காசு வாங்கல, நான் சீட்டுக்கு அடில சொருகி வெச்சத கண்டுபிடிச்சு திருப்பி தபால்ல அனுப்பினார். மார்ச்ல ஈஸ்ட் ரோட்டுல இருந்து நாக்ஸ்-மார்செல்லஸ் சதுப்ப பாத்தோம், வெள்ளையா பனின்னு நெனச்சேன், ஒரு வெண்தலைக் கழுகு மேல வந்துச்சு, பனி மொத்தமும் எந்திரிச்சு பறந்துது. ஸ்னோ கூஸ். ஆயிரக்கணக்குல. நான் வாயப் பொளந்துட்டு வாத்துக் கூட்டத்த பாக்கறேன், அவர் கழுகையே பாத்துட்டு நின்னார். டிடிடி பூச்சி மருந்தால முட்டை ஓடு மெலிஞ்சு இந்த மாநிலம் பூரா அந்த கழுகு ஒரே ஒரு ஜோடிதான் கூடு கட்டிட்டு இருந்துச்சாம், 1972ல மருந்த தடை பண்ணி, 1976ல இதே மான்டெசூமால வெளிய இருந்து குஞ்சுகள கொண்டு வந்து கோபுரத்துல வெச்சு வளத்து விட்டுதான் திரும்ப வந்துச்சு. "என் இருபது வயசுல இங்க நின்னா வானம் காலி"ன்னார். அதுக்கு மேல ஒண்ணும் பேசல, ஃப்ளாஸ்க்க தொறந்து காபி ஊத்தி குடுத்தார்.

இபேர்ட்ல லிஸ்ட்ட சரிபாக்கற தன்னார்வலர் ஒருத்தருக்கும், முகம் கூட தெரியாது. வந்த புதுசுல தெனாவெட்டா கரோலைனா சிக்கடின்னு போட்டுட்டேன். அது தெக்கத்தி பறவை, இவ்ளோ வடக்க வராது, இங்க இருக்கறது பிளாக்-கேப்டு சிக்கடி. கிண்டல் பண்ணாம "என்ன கவனிச்சீங்க, குரல் கேட்டுச்சா"ன்னு பொறுமையா மெயில் போட்டார். நான் கேட்டதே இல்லைன்னு ஒத்துக்கிட்டேன், அதுக்கப்புறம்தான் கேக்கவே ஆரம்பிச்சேன். சிக்கடி கத்தறதுல கடைசில வர்ற "டீ டீ டீ" இருக்கே, எதிரி எவ்ளோ ஆபத்தோ அவ்ளோ டீ கூடும். ஜன்னல் ஓரமா எத்தன தடவ எண்ணிருக்கேன் தெரியுமா, பேப்பர் எழுதறத விட்டுட்டு.

அது புரொஃபசருக்கு தெரியும். மே மாசம் பூரா காலை மீட்டிங்க பத்து மணிக்கு தள்ளி வெச்சவர் அவர், காரணமும் கேக்கல, ஒரு நாள் மட்டும் "இன்னைக்கு என்ன பாத்த"ன்னார். நாலரைக்கு அலாரம் அடிச்சும் என்ன கொல்லாம விட்ட ரூம்மேட்டுக்கும் சேத்து நன்றி.

அண்ணி, உங்களுக்கும் பாப்பாவுக்கும். பின் சீட்ல பாப்பா கார் சீட்டுக்கும் ஜன்னலுக்கும் நடுவுல நசுங்கிக்கிட்டு நான் வந்த அந்த பிப்ரவரி சனிக்கிழம. பெரியவங்க மூணு பேரு மூணு பைனாகுலர வெச்சு துழாவுறோம், பாப்பா என் கைய இழுத்து "மாமா, மரம் கண்ண மூடிட்டு தூங்குது"ன்னா. பொந்து வாய்ல சாம்பல் கலர்ல ஸ்க்ரீச் ஆந்தை, மரப்பட்டைக்கும் அதுக்கும் வித்தியாசமே இல்ல. எந்த மரம்னு இங்க எழுத மாட்டேன், கேமராவோட கூட்டம் கூடிட்டா அது பகல்ல தூங்க முடியாது. பாப்பாவும் யார்ட்டயும் சொல்லலையாம், கிளாஸ்ல கூட. அந்த செக்லிஸ்ட்ல மட்டும் குறிப்பு எடத்துல பாத்தது யாருன்னு அவ பேர போட்டு வெச்சிருக்கேன்.

போன மாசம் டகானக் பார்க்ல விடியறதுக்கு முன்ன நின்னு லூன்ங்கற நீர்ப்பறவை போறத எண்ணினோம், ஏரி மேல நூத்துக்கணக்குல தெக்க பாத்து போகுது, பெரியவர் எண்ண எண்ண டீச்சரம்மா எழுதறாங்க, எனக்கு கையொறை போட்டும் விரல் வேல செய்யல. என்னோட கடைசி அவுட்டிங்.

அண்ணே, பைனாகுலர இன்னைக்கு காலைல உங்க டேபிள் மேல வெச்சுட்டு வந்துட்டேன். ஐகப் உள்ள திருகியே இருக்கு, வலது கண்ணு வளையமும் என் கண்ணுக்கு வெச்ச மாதிரியே இருக்கு, மாத்த மறந்துட்டேன். நீங்க கண்ணாடி போடறவர் இல்ல, ரெண்டையும் வெளிய திருகிட்டு பாருங்க, இல்லன்னா உங்களுக்கும் சரியா தெரியாது.