நோயாளியைத் தூக்கும் கருவியைச் சோதிப்பவர் யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். படுத்த படுக்கையாக இருப்பவரை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்களுக்குப் பெருந்துணையாக இருக்கும் ஹாய்ஸ்ட் என்ற கருவியைப் பற்றியும், அதை வாங்கி வீட்டுக்குள் கொண்டுவந்த நாள் முதல் அதைச் சோதித்துப் பார்க்கவோ பழக்கிக் கொடுக்கவோ யாரும் இல்லாத நிலையைப் பற்றியும் தங்கள் நாளிதழ் வழியாகச் சொல்ல விரும்புகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு என் கணவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் வலது காலும் செயலிழந்தன. அவர் எடை 78 கிலோ. எனக்கு வயது 61. முதல் ஐந்து மாதங்கள் நானும் உதவிக்கு வரும் பெண்ணும் ஆளுக்கொரு பக்கமாக அவருடைய அக்குளில் கைகொடுத்துத்தான் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் மாற்றினோம். பக்கவாதம் வந்த பக்கத்துத் தோளை அப்படிப் பிடித்துத் தூக்கினால் மூட்டு இறங்கிவிடும் என்று இயன்முறை மருத்துவர் சொன்னபோது, அவருக்குத் தோள்வலியும் எனக்கு இடுப்புவலியும் ஏற்கெனவே நிலைத்துவிட்டிருந்தன. நிலைமை எல்லா வகையிலும் சாதகமாக இருக்கும்போதுகூட, ஒருவர் நோயாளியைக் கையால் தாங்கித் தூக்கும் சுமை சுமார் 16 கிலோவைத் தாண்டக் கூடாது என்பது அமெரிக்கப் பணியிட நல ஆய்வாளர்கள் 2007இல் வகுத்த வரம்பு. நாங்கள் இருவரும் 78 கிலோவை நாளுக்கு ஆறு முறை தூக்கிக்கொண்டிருந்தோம்.

ஹாய்ஸ்டைப் பார்த்திராத வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். சக்கரம் வைத்த, விரியக்கூடிய இரண்டு இரும்புக் கால்கள். அவற்றின் மேல் ஒரு தூண். தூணிலிருந்து முன்னோக்கி நீளும் ஒரு கை. அந்தக் கையின் நுனியில் கொக்கிகளோடு தொங்கும் ஒரு குறுக்குத் தண்டு. நோயாளியின் உடலுக்கு அடியில் ஸ்லிங் என்ற உறுதியான துணியை விரித்து, அதன் நாடாக்களை அந்தக் கொக்கிகளில் மாட்டினால், பேட்டரி மோட்டாரோ கையால் அடிக்கும் ஹைட்ராலிக் பம்போ அவரை மேலே தூக்கும். கைகால் செயலிழந்த டெட் ஹோயர் என்ற அமெரிக்கர் உருவாக்கிய கருவியிலிருந்து வந்ததால், இன்றும் பலர் இதை ஹோயர் லிஃப்ட் என்றே சொல்கிறார்கள். தூக்கப்படுகிறவரே யோசித்துச் செய்த கருவி என்பதால் எனக்கு அதன்மேல் தனி மரியாதை உண்டு.

எழுபதாயிரம் ரூபாய்க்கு மேல் கொடுத்து மின் ஹாய்ஸ்ட் ஒன்றை வாங்கினோம். கொண்டுவந்த இளைஞர்கள் இருவரும் அதைப் பொருத்தி, பொத்தானை அழுத்தி மேலும் கீழும் ஒருமுறை இயக்கிக் காட்டிவிட்டுக் கால்மணி நேரத்தில் போய்விட்டார்கள். என் கணவரின் உயரம், எடை, தலையைத் தானாக நிமிர்த்தி வைத்துக்கொள்வாரா என்பது எதையும் யாரும் கேட்கவில்லை. ஸ்லிங் எல்லோருக்கும் பொருந்தும் என்றார்கள். கையேட்டில் தமிழ் ஒரு வரிகூட இல்லை. அன்று மாலை கருவியைக் கட்டிலருகே தள்ளிக்கொண்டு போனபோதுதான், சாமான் வைக்கும் பெட்டி அடித்த எங்கள் மரக்கட்டிலுக்கு அடியில் அதன் கால்கள் நுழையாது என்பது தெரிந்தது. அடியில் ஒரு சாண் உயரமாவது வெற்றிடம் உள்ள இரும்புக் கட்டில் வந்து சேரும்வரை, பத்து நாட்கள் அந்த ஹாய்ஸ்ட் கூடத்தில் சும்மா நின்றது. வாங்க நினைப்பவர்கள் முதலில் தங்கள் கட்டிலின் அடி உயரத்தையும், அறை வாசலின் அகலத்தையும், நிலைப்படியின் மேட்டையும் அளந்துவிட்டுக் கடைக்குப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கருவியை இயக்குவதில் நாங்கள் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்; யாருக்காவது உதவினால் மகிழ்வேன். ஸ்லிங்கை விரிக்க நோயாளியை இழுக்கக் கூடாது. ஒரு பக்கமாகப் புரட்டிப் படுக்கவைத்து, முதுகுத்தண்டின் நேரே ஸ்லிங்கின் நடுக்கோடு வரும்படி வைத்து, மறுபக்கம் புரட்டி விரிக்க வேண்டும். தொடைக்கடியில் வரும் நாடாக்களைச் சுருக்கமில்லாமல் இழுத்துவிடாவிட்டால் அந்தச் சுருக்கமே தோலில் பதிந்து புண்ணாகிவிடும். நாடாக்களில் வெவ்வேறு நிறத்தில் கண்ணிகள் இருக்கும். இடப்பக்கம் எந்த நிறத்தை மாட்டினோமோ அதே நிறத்தையே வலப்பக்கமும் மாட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஆள் ஒருபக்கமாகச் சாய்ந்துவிடுவார். தோள்பக்கத்தில் குட்டையான கண்ணியையும் கால்பக்கத்தில் நீளமான கண்ணியையும் மாட்டினால் உட்கார்ந்த நிலையில் வருவார். தூக்கத் தொடங்கியதும் நாடாக்கள் விறைப்பாகி உடல் படுக்கையை விட்டு எழும் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு, நான்கு கொக்கிகளையும் ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்த பிறகுதான் மேலே போக வேண்டும். அந்தச் சில நொடிகளை நாங்கள் இன்றுவரை ஒருநாளும் விட்டதில்லை.

சக்கரத்துக்குப் பிரேக் போடுவதில் எங்களுக்குப் பெரிய குழப்பம் இருந்தது. தூக்கும்போது ஹாய்ஸ்டின் பிரேக்கைப் போட்டுவிடுவதே பாதுகாப்பு என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். பெரும்பாலான நகரும் ஹாய்ஸ்ட்களின் கையேடுகள் சொல்வதோ இதற்கு நேர்மாறானது. கட்டிலுக்கும் சக்கர நாற்காலிக்கும்தான் பிரேக் போட வேண்டும். எடை ஏறும்போது ஹாய்ஸ்ட் தானாக நகர்ந்து எடைக்கு நேர்கீழே வந்து நிற்பதற்காக அதன் சக்கரங்களைப் பூட்டாமல் விட வேண்டும். அவரவர் கருவியின் கையேட்டைக் கட்டாயம் பார்த்துக்கொள்ள வேண்டும். தூக்கும்போதும் இறக்கும்போதும் கால்கள் முழுமையாக விரிந்திருக்க வேண்டும் என்பதும் அதே அளவு முக்கியம். ஒருமுறை குளியலறை வாசலில் இடம் போதாமல் கால்களை ஒடுக்கிவிட்டு, நிலைப்படியில் சற்றே வேகமாகத் தள்ளியதும் கருவி முன்புறமாகச் சாய்ந்தது. உதவிக்கு வரும் பெண் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிறுத்திவிட்டாள். அந்தரத்தில் இருந்த என் கணவர் தம் இடது கையால் நாடாவைப் பிடித்த பிடியில் விரல் கணுக்கள் வெளுத்துப்போயின. அவரை இறக்கிக் கட்டிலில் கிடத்திய பிறகும் அந்தக் கை நெடுநேரம் திறக்கவில்லை. அன்று முதல் அவரை அறைக்குள் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற மட்டுமே ஹாய்ஸ்டைப் பயன்படுத்துகிறோம். குளியலறைக்குச் சக்கர நாற்காலியில்தான் போகிறார். இது ஆளைத் தூக்கி மாற்றுவதற்கான கருவியே தவிர வீட்டுக்குள் ஆளைச் சுமந்து செல்லும் வண்டி அல்ல என்பதை யாராவது முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

பராமரிப்பைப் பொறுத்தவரை, முதலில் கவனிக்க வேண்டியது கருவியை விட ஸ்லிங்தான். எங்கள் ஸ்லிங்கில் அடிக்கடி சிறுநீர் படும் என்பதால், படுக்கை விரிப்பைப் போலவே அதையும் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் ஊறவைத்துத் துவைத்து, மொட்டை மாடி வெயிலில் காயப்போட்டு வந்தோம். ஒன்பதாவது மாதத்தில் ஒருநாள், மாட்டுவதற்காகக் கண்ணியைக் கையில் எடுத்த உதவிப் பெண், “அம்மா, இங்க பாருங்க, நூல் பிரிஞ்சு கெடக்கு” என்றாள். தோள்பக்கத்துக் கண்ணியில் தையல் பாதிக்கு மேல் விட்டிருந்தது. விரலால் நெருடியதும் மீதி நூலும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. பிளீச்சும் கடும் வெயிலும் செயற்கை இழையை உள்ளுக்குள்ளேயே அரித்துவிடும் என்பதும், ஸ்லிங்கை மென்மையான சோப்பில் அலசி நிழலில் காற்றாட உலர்த்த வேண்டும் என்பதும், இஸ்திரி போடவே கூடாது என்பதும் அதன் ஓரத்தில் தைத்திருந்த சிறு சீட்டிலேயே படக்குறிகளாக இருந்தன. அந்தக் குறிகளுக்குப் பொருள் சொல்லித்தர ஆள் இருக்கவில்லை. அந்த ஸ்லிங்கைக் கத்திரிக்கோலால் இரண்டாக வெட்டித்தான் வெளியே போட்டேன். முழுதாகப் போட்டால் தேவையிருக்கும் வேறொரு வீட்டார் அதை எடுத்துப் பயன்படுத்திவிடக்கூடும். இப்போது இரண்டு ஸ்லிங்குகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறோம். ஒவ்வொரு முறையும் மாட்டுவதற்கு முன் கண்ணிகளையும் தையலையும் விரலால் தடவிப் பார்க்கிறோம். சீட்டில் இருக்கும் எடை வரம்பு அழிந்து படிக்க முடியாமல் போனால் அந்த ஸ்லிங்கை நிறுத்திவிட வேண்டும் என்பதையும், கருவி, குறுக்குத் தண்டு, ஸ்லிங் ஆகிய மூன்றில் எதன் எடை வரம்பு குறைவோ அதுவே மொத்தத்துக்கும் வரம்பு என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

சக்கரங்களில் பூ கட்டும் நாரும், தலைமுடியும், விளக்குமாற்று ஈர்க்கும் சுற்றிக்கொண்டு உருள விடாமல் செய்யும். மாதம் ஒருமுறை கருவியைச் சாய்த்து வைத்து அவற்றைக் குறடால் பிடுங்கி எடுக்கிறோம். நாங்கள் கடற்கரை ஊரில் இருப்பதால் உப்புக்காற்றில் போல்ட்டுகளும், குறுக்குத் தண்டு தொங்கும் வளையமும் விரைவில் துருப்பிடிக்கின்றன. முழு எடையும் அந்த ஒரு வளையத்தில்தான் நிற்கிறது என்பதால், அது தேய்ந்து மெலிந்திருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். பேட்டரியை முற்றிலும் தீரவிடாமல் தினமும் இரவில் சார்ஜில் போடுகிறோம். நோயாளி மேலே இருக்கும்போது கருவி நின்றுவிட்டால் கையால் இறக்குவதற்கு ஓர் அவசர வழி உண்டு; அது எங்கே இருக்கிறது, எப்படி இயக்குவது என்பதை ஆள் இல்லாத ஸ்லிங்கில் அரிசி மூட்டையை வைத்து நாங்கள் இருவரும் பழகிக்கொண்டோம். ஹைட்ராலிக் வகை வைத்திருப்பவர்கள் எண்ணெய் கசிகிறதா, தூக்கி நிறுத்திய பிறகு கை தானாக மெல்ல இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

ஒருநாள் காலையில் ஹாய்ஸ்ட் இயங்கவே இல்லை. விற்ற கடையை அழைத்தோம். மூன்று நாள் கழித்து ஆள் வந்தார். தெரியாமல் அழுந்தியிருந்த சிவப்பு நிற அவசர நிறுத்தப் பொத்தானைத் திருகி வெளியே விட்டதும் கருவி இயங்கியது. வந்து போனதற்கு எழுநூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். அந்த மூன்று நாளும் என் கணவர் படுக்கையை விட்டு எழவில்லை. நான்காம் நாள் அவருடைய இடுப்புக்குக் கீழே தோல் சிவந்திருந்தது. ஒரு பொத்தானைப் பற்றிய ஒரு வாக்கியம் தமிழில் இருந்திருந்தால் அந்தச் சிவப்பு வந்திருக்காது. வந்தவரிடம், போல்ட்டுகளையும் வளையத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டுப் போகும்படி கேட்டேன். அது தம் வேலை இல்லை என்றார். இந்தப் பதில்தான் என்னை இக்கடிதத்தை எழுத வைத்தது. அது யாருடைய வேலை?

பிரிட்டனில் 1998ஆம் ஆண்டின் தூக்குக் கருவிகள் விதிமுறைகளின்படி, மனிதர்களைத் தூக்கும் கருவியையும் அதோடு சேர்ந்த ஸ்லிங்கையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தகுதியுள்ள ஒருவர் முழுமையாகச் சோதித்து எழுத்தில் அறிக்கை தர வேண்டும். பராமரிப்பு அமைப்புகள் வீடுகளுக்குக் கொடுக்கும் ஹாய்ஸ்ட்களும் இப்படித்தான் சோதிக்கப்படுகின்றன. இவ்வகைக் கருவிகளுக்கான ஐஎஸ்ஓ 10535 என்ற பன்னாட்டுத் தரமும் குறித்த கால இடைவெளியில் சோதனை நடக்க வேண்டும் என்கிறது. இங்கோ, அடுக்குமாடியில் லிஃப்டுக்கு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம் இல்லாமல் யாரும் இருப்பதில்லை. ஒரு மனிதரைத் தினமும் அந்தரத்தில் தூக்கும் இந்த லிஃப்டைப் பார்க்க எங்கள் ஊரில் ஒருவரும் வந்ததில்லை.

தமிழ்நாட்டில் இதற்குப் புதிதாக ஓர் அமைப்பைத் தொடங்கத் தேவையில்லை என்பதே என் எண்ணம். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவரும் நோய்த்தணிப்புச் செவிலியரும் வீட்டுக்கே வருகிறார்கள். ஹாய்ஸ்ட் உள்ள வீட்டுக்கு அவர்கள் வரும்போது ஸ்லிங்கின் அளவு பொருந்துகிறதா, தையல் உறுதியாக இருக்கிறதா, வீட்டார் சரியாக மாட்டுகிறார்களா என்று பார்ப்பதை அவர்களுடைய பணியில் சேர்க்கலாம். அதற்கான பயிற்சியை வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வுப் பிரிவிலும் சென்னை கே.கே. நகர் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையத்திலும் பல்லாண்டு அனுபவம் உள்ளவர்கள் அளிக்க முடியும். கருவியின் இயந்திரப் பகுதியைச் சோதிக்க அரசு மருத்துவமனைகளில் உயிர்மருத்துவப் பொறியாளர்கள் இருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு ஒருநாள் அவர்கள் பொதுமக்களின் ஹாய்ஸ்ட்களைச் சோதித்துச் சான்று தர ஏற்பாடு செய்யலாம். விற்பவர்களைப் பொறுத்தவரை, வீட்டுக்கு வந்து அளவெடுப்பது, பராமரிக்கும் இருவருக்கேனும் கையில் கொடுத்துப் பழக்குவது, தமிழில் கையேடு தருவது ஆகிய மூன்றும் விலைக்குள்ளேயே அடங்கியவை என்று அரசு விதிக்க வேண்டும். வாடகைக்கு விடுபவர்களுக்கு இது இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும். பல வீடுகளில் பயன்பட்ட ஸ்லிங் எத்தனை முறை துவைக்கப்பட்டது என்பது வாங்குகிறவருக்குத் தெரியாது.

எங்கள் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அப்படி ஒரு நாளை அறிவித்தால், தூணையும் கால்களையும் தனித்தனியே கழற்றிச் சுமை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நானே முதலில் வந்து நிற்பேன். அன்று முழுவதும் படுக்கையிலேயே இருப்பதற்கு என் கணவர் சம்மதித்துவிட்டார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
தூத்துக்குடி.