பெயரை மாற்ற வேண்டாம், கண்ணு

பாலக்கோடு
ஞாயிறு காலை

அன்புள்ள கண்ணு,

பாப்பாவின் பெயரை மாற்றிவிடலாமா என்று போனில் நீ கேட்டதற்குப் பதில் இது. அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் பாதிப் பேச்சில் பாப்பா அழுவாள், நீ அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிடுவாய், நான் சொல்ல வந்தது அப்படியே நின்றுபோகும். அதுவுமில்லாமல், ஊரார் கடிதத்தையெல்லாம் சர்வீஸ் முழுக்கச் சுமந்தவன் பெற்ற பெண்ணுக்கு ஒன்று எழுதக் கூடாதா?

விஷயத்துக்கு வருகிறேன். எழினி எழினியாகவே இருக்கட்டும். இனியாவும் வேண்டாம், சம்பந்தியம்மா சொல்கிற அந்த 'ஷிகா'வில் முடிகிற பெயரும் வேண்டாம்.

புனாவில் நீ படும் சங்கடம் எனக்குப் புரியாமல் இல்லை. பாப்பாவை விடுகிற காப்பகத்தில் 'எஜினி' என்கிறார்கள், தடுப்பூசி போடுகிற இடத்தில் 'ஈசினி' என்று கூப்பிட்டு, உன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று தெரியாமல் நீ உட்கார்ந்தே இருந்தாய், மாடி வீட்டம்மா எலினா என்று முடிவே கட்டிவிட்டார். ஒவ்வொருவருக்கும் நின்று விளக்கிச் சொல்லி அலுத்துவிட்டது என்கிறாய். கைக்குழந்தையோடு அலைகிறவளுக்கு அலுக்காமல் என்ன செய்யும்?

ஆனால் அவர்கள் பக்கமும் கொஞ்சம் பார். ழகரத்துக்கு ஆங்கிலத்தில் இசட்டும் எச்சும் போடுவது நாமும் மலையாளிகளும் நமக்குள் வைத்துக்கொண்ட ஏற்பாடு. வடக்கே அந்த இரண்டு எழுத்தும் சேர்ந்து நின்றால் ஜ என்றோ ஸ என்றோதான் வாய் போகும். நம் கனிமொழியையே இந்திச் செய்தியில் கனிமொஜி என்று வாசிக்கிறார்களே, கேட்டதில்லையா? புனாக்காரர் எஜினி என்றால் அவர் கண்ணில் பட்டதைச் சரியாகத்தான் படித்திருக்கிறார். பெங்களூரில் உன் பெரியம்மா மகளுக்குப் பிரசவம் பார்த்தபோது, அங்கிருந்த கேரளத்து நர்ஸம்மா நம் ஆட்களின் பெயரையெல்லாம் ழ பிசகாமல் படித்தார். நம்மைவிட நன்றாகவே படித்தார் என்று உன் அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

புனாவில் உன் வீட்டில் இருந்தபோது மாப்பிள்ளை ஒருநாள் என்னை வண்டியில் கூட்டிப்போனார். வழியில் ஒரு பலகையைக் காட்டி, "மாமா, இது திலகர் ரோடு" என்றார். மராத்தியில் எப்படி எழுதியிருக்கிறது, படியுங்கள் என்றேன். 'டிளக்' என்று படித்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வ.உ.சி. காலத்திலிருந்து நாம் திலகர் என்றுதானே சொல்கிறோம்? முதல் எழுத்தும் தப்பு, நடு எழுத்தும் தப்பு, கடைசியில் மரியாதைக்கு ஒரு 'அர்' வேறு. அவருடைய ஊரிலேயே நின்றுகொண்டு நான் திலகர் திலகர் என்கிறேன், ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. இது நினைவிருந்தால் காப்பகத்து ஆயாம்மா மேல் உனக்கு எரிச்சல் வராது.

அந்தப் பலகையில் இன்னொன்றும் தெரிந்தது. மராத்தியில் ள இருக்கிறது. காப்பகத்துக்காரர்களிடம் ஆங்கில எழுத்தைக் காட்டாதே. அவர்கள் எழுத்திலேயே, டிளக்குக்குப் போடுகிற அந்த ள போட்டு, மாப்பிள்ளையை ஒரு சீட்டில் எழுதித் தரச் சொல். அதை அவள் பையில் ஒட்டிவிடு. எளினி என்று கூப்பிடுவார்கள். அது போதும்.

ஏன் போதும் என்கிறேன் என்றால், இங்கே நம் வீட்டில் என்ன நடக்கிறது? உன் அம்மா எளினி என்கிறாள். உன் சித்தப்பா எளினி. எதிர்வீட்டுப் பாட்டி 'எளினிக் கண்ணு'. நம் பக்கத்தில் வாழைப்பழத்தை யார் ழ போட்டு வாங்குகிறார்கள்? வீடியோவில் உன் அம்மா எளினி என்று கூப்பிட்டதும் பாப்பா ராகிக்கூழ் ஒழுகும் வாயோடு டக்கென்று இந்தப் பக்கம் திரும்பினாளே, பார்த்தாயல்லவா? நீ ழ போட்டுக் கூப்பிட்டாலும் திரும்புகிறாள். இன்னும் ஒரு வருஷம் போனால் அவளே 'எயினி' என்றுதான் சொல்லப்போகிறாள். ழ பிள்ளைகள் வாயில் கடைசியாக வருகிற எழுத்து. அப்போது அதைப் போனில் பிடித்து எனக்கு அனுப்பு. எயினியும் சும்மா இல்லை, குறமகள் இளவெயினி என்று புறநானூற்றில் ஒரு புலவரே உண்டு.

சரி, எல்லோருக்கும் வாயில் வருகிற பெயராக வைத்தால் தொல்லை இல்லை என்கிறாய். அதையும் நான் பார்த்திருக்கிறேன். நான் தபால் கொடுத்த பீட்டில் ஒரு கிராமத்தில் எத்தனை மாதம்மாள் இருந்தார்கள் தெரியுமா? நம் மாவட்டத்தில் மாதையனுக்கும் மாதம்மாளுக்கும் பஞ்சமே கிடையாது. முதியோர் பென்ஷன் மணியார்டரில் வந்த காலம் அது. மாதம்மாள், கணவர் பெயர் மாதையன், அதே ஊர், அதே தெரு. அப்படி இரண்டு மணியார்டர் பாரம் என் பையில் இருக்கும். இருவருக்கும் கையெழுத்து வராது, கைரேகைதான். இந்த மாதம் ஒருவருக்கு வந்து ஒருவருக்கு வராவிட்டால், வந்தது யாருடையது? அதனால் பாரத்தின் ஓரத்தில் பென்சிலால் 'புளியமரம்', 'கல்லுக்கட்டு' என்று எழுதி வைத்துக்கொள்வேன். ஊரிலும் புளியமரத்து மாதம்மா, கல்லுக்கட்டு மாதம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். சர்க்கார் காகிதத்தில் புளியமரம் ஏறாதே! பணம் வாங்குகிற அன்றைக்கெல்லாம் இரண்டு கிழவிகளும் என்னை நடுவில் நிறுத்திவைத்து, "இது என்னுதா, அவளுதா, நல்லாப் பாரு சாமி" என்பார்கள்.

எழினிக்கு அந்தத் தொல்லை வராது. தப்பாகக் கூப்பிட்டாலும் அவள் ஒருத்திதான் எழுந்து போவாள்.

அதே பீட்டில் போதும்பொண்ணு என்று ஓர் அம்மா இருந்தார். அந்தப் பெயரை யாரும் தப்பாகச் சொன்னதில்லை. வாசலில் நின்று முழுப்பெயரைப் படித்துக் கூப்பிட வேண்டியது என் வேலை. படிக்கும்போதெல்லாம் எனக்குத்தான் கூசும். அவர் பாட்டுக்கு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து ரேகை வைப்பார். 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001இல் நம் மாவட்டத்துக்கும் ஏன் கொண்டுவந்தார்கள் என்று உனக்குத் தெரியும். இப்படிப்பட்ட மண்ணில் பிறந்த ஒரு பெண் குழந்தைக்கு, நீயும் மாப்பிள்ளையும் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து தேடி, ஒரு பெயரை ஆசையாக எடுத்து வைத்தீர்கள். ஈசினி என்று ஒரு சீட்டில் விழுந்ததற்காக அதை விட்டுவிடுவதா?

சம்பந்தியம்மா சொல்கிற பெயரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், அவரிடம் போய் ஒப்பிக்காதே. இப்போது நம் தெருவில் பிறக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் ஷ இல்லாமல் பெயர் இல்லை. யஷ்விந்த் என்று வைக்கிறார்கள், பாட்டி 'எசவிந்து' என்று கூப்பிடுகிறாள். அதற்கு யாரும் வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை. பாட்டி வாயில் நுழையாவிட்டால் ஸ்டைல், புனாக்காரர் வாயில் நுழையாவிட்டால் மட்டும் பிரச்சினையா?

பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்கிறவர்களுக்கும் நீ நீளமாகச் சொல்ல வேண்டாம். திரைச்சீலைக்கும் அந்தச் சொல் உண்டு என்று யாராவது தமிழ் படித்தவர் ஆரம்பிப்பார், விடு. எங்கள் தர்மபுரிக்குப் பழைய பெயர் தகடூர், அதை ஆண்ட அதியமானின் மகன் பெயர் என்று சொல். அவன் முழுப்பெயர் பொகுட்டெழினி. பள்ளிக்கூடத்தில் அதியமான்கோட்டைக்குக் கூட்டிப்போன அன்று, ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த கதையை வந்து எங்களுக்கே சொன்னவள் நீ. நெல்லிக்கனிக் கதை எல்லோருக்கும் தெரியும், மகனைப் பற்றி அதே ஔவை பாடியது பலருக்குத் தெரியாது. மேட்டிலும் பள்ளத்திலும் போகிற உப்பு வண்டிக்காரர்கள், வழியில் எது நேருமோ என்று வண்டிக்கு அடியில் இன்னோர் அச்சையும் கட்டி வைத்துக்கொள்வார்களாம். அவன் அந்தச் சேம அச்சு போன்றவன் என்கிறார். ஆண் பெயரைப் பெண்ணுக்கு வைத்திருக்கிறாளே உன் பெண் என்று ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் டீக்கடையில் என்னை மடக்கினார். இருக்கட்டும் சார், அச்சு முறிந்தால் பெண்ணும் தாங்குவாள் என்றேன். டீக்காசு அவர்தான் கொடுத்தார்.

இனி வேலையைப் பார்ப்போம். பிறப்புப் பதிவு தர்மபுரியில் அப்போதே செய்தாகிவிட்டது, பெயர்க் கட்டம்தான் காலி. பன்னிரண்டு மாதத்துக்குள் பெயர் எழுதினால் கட்டணம் இல்லை. அதற்கு மேல் போனால் தாமதக் கட்டணம் கட்டி எழுதலாம், ஆனால் நாள் தள்ளுவானேன்? 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், ஆதார், பாஸ்போர்ட் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் அடிப்படை. அதில் எந்த எழுத்து விழுகிறதோ அதுதான் கடைசி வரைக்கும் வரும். முதலில் சான்றிதழ் வரட்டும், ஆதாருக்கு அப்புறம் போங்கள். அவசரப்பட்டு அங்கே ஓர் எழுத்தும் இங்கே ஓர் எழுத்துமாக ஆக்கிவிடாதீர்கள். ஆதாரில் பெயரைத் திருத்த ஆயுசுக்கு இரண்டு தடவைதான் விடுகிறார்கள். அதைப் பாப்பா பல் முளைக்கும் முன்பே செலவு செய்ய வேண்டாம்.

ஆங்கில எழுத்து எது என்பதில் நீ குழம்புகிறாய். இசட் எச்சுக்குப் பதில் எல் போட்டால் சுலபம் என்று மாப்பிள்ளை சொன்னாராம். வேண்டாம். எல் போட்டால் எலினி ஆகும், நம் ஊர்ப் பிள்ளைகள் கையில் கிடைத்தால் எலி ஆகும். பள்ளிக்கூடத்தில் உன்னை என்னென்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்று யோசித்துப் பார். இசட் எச்சே இருக்கட்டும். தெரியாதவர் தப்பாகப் படிப்பார், தமிழ் தெரிந்தவர் எந்த ஊரில் பார்த்தாலும் அது ழ என்று கண்டுகொள்வார். 2020இல் கோயம்புத்தூர் உட்பட ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களுக்கு, உச்சரிப்புப்படி ஆங்கில எழுத்தை மாற்றுகிறோம் என்று அரசாணையே போட்டார்கள். யாருக்கும் படிக்க வரவில்லை, சில நாளிலேயே திரும்பப் பெற்றார்கள். அரசாங்கத்தாலேயே ஆகாததை நாம் ஒரு குழந்தையின் சான்றிதழில் செய்து பார்க்க வேண்டாம். நம் சான்றிதழில் தமிழிலும் பெயர் அச்சாகும். அங்கே எழினி என்று ழ பளிச்சென்று இருக்கும்.

இன்னொன்று, அந்த ஊர்ப் பாரங்களில் மூன்று கட்டம் வைத்திருக்கிறார்கள்: பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர். குடும்பப் பெயருக்கு நாம் எங்கே போவது? இரண்டாவது கட்டத்தில் மாப்பிள்ளை பெயரை இனிஷியலாக இல்லாமல் முழுதாக எழுதிவிட்டு, மூன்றாவதில் என்ன போடுவது என்று இப்போதே இருவரும் பேசி ஒரு முடிவுக்கு வாருங்கள். எந்தப் பாரத்திலும் அது மாறக் கூடாது.

நீங்கள் இருவரும் கையெழுத்துப் போட்டு, குழந்தைக்கு எழினி என்று பெயர் வைக்கச் சம்மதம் என ஒரு கடிதம் எழுதி அனுப்புங்கள். பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் நீயே எழுது, பெரிய எழுத்தில், ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியாக. ஆஸ்பத்திரியில் கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டின் நகலும் வேண்டும். உங்கள் இருவர் ஆதார் நகலும் சேர்த்து வை. ஸ்பீடு போஸ்டில் போடு, கூரியர் வேண்டாம். வந்த மறுநாளே நான் தர்மபுரிக்குப் போய், கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவர் பக்கத்திலேயே நின்று எழுத்து எழுத்தாகச் சொல்லி ஏற்றிவிட்டு வருகிறேன். முதலில் ஒரு பிரிண்ட் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் முத்திரை குத்த விடுவேன்.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். கையெழுத்தை ஆதாரில் போட்ட மாதிரியே போடச் சொல், போன தடவை பேங்க் பாரத்தில் புதிதாக ஒன்று போட்டு என்னை இரண்டு நடை நடக்க வைத்தார்.

உன் அப்பா